பெரியகுப்பம் ஆலை ஓடியிருந்தால் பெட்ரோல் விலை குறைந்திருக்குமா?

கடலூர், சிதம்பரம் பக்கம் டீக்கடையில் பெட்ரோல் விலைப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கேட்பார்: "பெரியகுப்பத்துல அந்த ஆலை மட்டும் ஓடியிருந்தா நமக்கு மலிவா கிடைச்சிருக்குமே?" பக்கத்தில் இருப்பவர், "புவனகிரி பக்கமே எண்ணெய் இருக்கு, ஓ.என்.ஜி.சி. துளை போட்டிருக்கான். அப்புறம் ஏன் அரபு நாட்டுல வாங்கணும்?" என்பார். பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கி, "இந்தியா ஐரோப்பாவுக்கே டீசல் விக்குதாம்யா" என்று முடித்துவைப்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உங்கள் வண்டிக்கும் அடுப்புக்கும் ஆகும் செலவை யார், எங்கே தீர்மானிக்கிறார்கள் என்பது பிடிபடும்.

நாம் எண்ணெய் வாங்கும் நாடா, விற்கும் நாடா?

இரண்டும்தான். வாங்குவது ஒரு சரக்கு, விற்பது இன்னொரு சரக்கு. வாங்குவது கச்சா எண்ணெய் (பூமிக்கடியிலிருந்து எடுத்தபடியே இருக்கும், இன்னும் பிரித்தெடுக்காத எண்ணெய்). விற்பது அதைக் காய்ச்சிப் பிரித்த பெட்ரோல், டீசல், விமான எரிபொருள். ஒரு காணி வயல்கூட இல்லாத ஒருவர் ஊரிலேயே பெரிய ரைஸ் மில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெல்லை வெளியூரில் வாங்கி, அரைத்து, வீட்டுக்கு வேண்டியது போக மிச்ச அரிசியை விற்கிறார். அவரை அரிசி வியாபாரி என்று சொல்லலாம். விவசாயி என்று சொல்ல முடியாது. நெல் விலை ஏறினால் முதலில் விழி பிதுங்குவது அவருக்குத்தான்.

2024-25 கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு நாம் இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் ஏறக்குறைய 24 கோடி டன். அதற்குக் கொடுத்த பணம் சுமார் 13,700 கோடி டாலர். ரூபாயில் 11 லட்சம் கோடிக்கு மேல். நம் மண்ணிலும் கடலிலும் எடுத்தது 3 கோடி டன்னுக்கும் குறைவு. காய்ச்சிப் பிரித்து வெளிநாட்டுக்கு விற்ற சரக்கு 6 கோடி டன்னுக்கு மேல். விற்று வந்த பணம், வாங்கக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

ஆகவே "இந்தியா டீசல் ஏற்றுமதி செய்கிறது" என்ற செய்தி பொய்யில்லை. அதைப் படித்துவிட்டு நமக்கு எண்ணெய் கொட்டிக்கிடக்கிறது என்று நினைப்பதுதான் தவறு. நாட்டுக்குத் தேவையான எண்ணெயில் நூற்றுக்கு 88 பங்கு வெளியிலிருந்து வருகிறது.

எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. 1974 பிப்ரவரியில் மும்பைக்கு மேற்கே கடலில் எண்ணெய் கிடைத்தது; அதைத்தான் பாம்பே ஹை என்கிறோம். முந்தைய ஆண்டுதான் அரபு நாடுகள் எண்ணெய் விலையை நாலு மடங்கு ஆக்கியிருந்தன என்பதால், அது தெய்வம் கொடுத்த வரம்போல இருந்தது. அடுத்த பத்தாண்டில் உற்பத்தி மளமளவென்று ஏறி, 1980-களின் நடுவில் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மட்டுமே வெளியிலிருந்து வாங்கினால் போதும் என்ற நிலைகூட வந்தது. இன்றைக்கு நினைத்தால் நம்பவே முடியாத கணக்கு.

அப்புறம் என்ன ஆயிற்று? கிணறுகள் வயதாயின; ஸ்கூட்டர்களும் லாரிகளும் பெருகின. 1990-ல் ஈராக், குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை எகிறியது. 1991-ல் டாலர் கையிருப்பு தீர்ந்து, தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க வேண்டி வந்தது. அந்த நெருக்கடிக்கு எண்ணெய் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் ஒட்டகத்தின் முதுகை முறித்த பாரம் அதுதான்.

திருப்பம் 1999-ல். குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது. ஒரே இடத்தில் இத்தனை பெரிய சுத்திகரிப்பு வளாகம் இன்று உலகில் வேறெங்கும் இல்லை. 2001-02 வாக்கில், வாங்கும் பெட்ரோல், டீசலைவிட விற்பது அதிகம் என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது. கச்சா எண்ணெய்க்கு மட்டும் பிறரை நம்பியிருப்பது கூடிக்கொண்டே போனது.

கடைசித் திருப்பம் 2022. உக்ரைன் போருக்கு முன் ரஷ்யாவிலிருந்து நாம் வாங்கியது நூற்றுக்கு இரண்டுகூட இருக்காது. ஐரோப்பா வாங்க மறுத்ததும் ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, நாம் வாங்கினோம். 2023-24-ல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்த எண்ணெயில் ஒரு பகுதி இங்கே டீசலாகி ஐரோப்பாவுக்கே போனது. டீக்கடையில் பேப்பர் படித்தவர் சொன்னது இதைத்தான். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காகவே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி போட்டது.

பெரியகுப்பத்தில் என்னதான் நடந்தது?

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புதுச்சத்திரம் பக்கம், கடலோரத்தில் இருக்கிறது பெரியகுப்பம். நாகார்ஜுனா ஆயில் கார்ப்பரேஷன் அங்கே ஆண்டுக்கு 60 லட்சம் டன் காய்ச்சும் ஆலை கட்டத் தொடங்கியது. புது ஆலை இல்லை. ஜெர்மனியில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பிரித்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கே பூட்டுவது திட்டம். கோபுரம் கோபுரமாக இரும்பு நின்றது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரில் கரையேறியது. முந்திரித் தோப்பையும் பலாவையும் வேரோடு சாய்த்த அதே காற்று அந்தக் கட்டுமானத்தையும் அடித்துப் போட்டது. செலவு ஏறிக் கடன் கழுத்தை நெரிக்க, வேலை நின்றது. 2018-ல் கம்பெனியைக் கலைத்து விற்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பிறகு ஹால்டியா பெட்ரோகெமிக்கல்ஸ் அதை வாங்கியது. இடையில் ஆளரவமற்றுக் கிடந்த வளாகத்தில் இரும்புத் திருட்டு என்பது உள்ளூர்ச் செய்தியில் வாடிக்கையாகிப் போனது உங்களுக்கே தெரியும்.

சரி, ஓடியிருந்தால்? பெட்ரோல் விலை குறைந்திருக்காது. ஏன் என்றால், இந்தியாவில் எந்த ஆலையும் தன் அடக்கச் செலவைப் பார்த்து விலை வைப்பதில்லை. அதே பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் என்ன ஆகுமோ அதை ஒட்டித்தான் கணக்கு. கச்சா எண்ணெயும் அதே உலக விலைக்கு, அதே டாலரில்தான் பெரியகுப்பத்துக்கு வந்திருக்கும். மணலியில் 1969 முதல் ஆலை ஓடுகிறது. அதனால் மணலிக்காரருக்குத் தனி விலை உண்டா? லாரி வாடகை குறைவதால் கடலூரைவிடச் சென்னையில் லிட்டருக்கு ரூபாய் ஒன்றிரண்டு குறையும், அவ்வளவே.

அப்படியானால் ஆலையால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். வேலை கிடைத்திருக்கும், டேங்கர் லாரிகள் ஓடியிருக்கும், நாலு ஓட்டல் வந்திருக்கும். கூடவே கடலில் கழிவு, காற்றில் நாற்றம் என்ற கேள்விகளும் வந்திருக்கும். சிப்காட்டோடு நாற்பது ஆண்டு குடித்தனம் நடத்தும் கடலூருக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இவை எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள். ஆனால் மலிவு பெட்ரோல் அந்தப் பட்டியலில் இல்லை.

புவனகிரியில் எண்ணெய் இருப்பது உண்மையா?

உண்மை. சொல்லப்போனால், காவிரிப் படுகை பற்றிய நிலவியல் புத்தகத்தைத் திறந்தால் சிதம்பரத்துக்காரருக்குச் சிரிப்பு வரும். பாறை அடுக்குகளுக்கு, அவற்றைத் துளைத்துப் பார்த்த ஊரின் பெயரை வைப்பது நிலவியலாளர் வழக்கம். அதனால் புவனகிரி மணற்பாறை, சாத்தப்பாடிக் களிப்பாறை, குமராட்சிக் களிப்பாறை, பரங்கிப்பேட்டையின் பழைய பெயரில் போர்ட்டோ நோவோக் களிப்பாறை என்று நம் பஸ் ரூட் போர்டே அதில் வரிசையாக நிற்கும். டைனோசர்கள் உலவிய காலத்துக் கடலடிச் சேறும் மணலும் இறுகிய பாறைகள் இவை.

கடலிலும் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே கடலுக்குள் பி.ஒய்.-3 என்ற எண்ணெய் வயல் 1997 முதல் ஓடி, 2011-ல் உற்பத்தி நின்றது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணம் எண்ணெயை நம்பி 1993-ல் பனங்குடியில் ஒரு சின்ன ஆலையே வைத்தார்கள். அதை இடித்துவிட்டு ஆண்டுக்கு 90 லட்சம் டன் காய்ச்சும் ஆலை கட்டுவதற்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

பிறகு ஏன் வெளியில் வாங்க வேண்டும்? அளவைப் பாருங்கள். காவிரிப் படுகைத் தரைக் கிணறுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டு முழுக்கக் கொடுப்பது சில லட்சம் டன். இந்தியா ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஆறரை லட்சம் டன். நம் டெல்டா ஆண்டெல்லாம் கறந்தாலும் நாட்டின் ஒரு நாள் பாட்டுக்குக் காணாது.

இன்னொன்று. இங்கே எடுக்கும் எண்ணெயும் உலக விலைக்கே விற்கப்படுகிறது. புவனகிரியில் எடுத்தது என்பதற்காக ஓ.என்.ஜி.சி. ஆலைக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. நாட்டுக்கு டாலர் மிச்சம், அரசுக்கு வருமானம். உங்கள் பங்க் பில்லில் அது தெரியாது.

இனிமேல் புதிதாகத் தோண்ட முடியுமா?

தரையில், சிதம்பரத்தைச் சுற்றி, முடியாது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களோடு கடலூர் மாவட்டத்தில் ஐந்து ஒன்றியங்களையும் சேர்த்தது: காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. இங்கே எண்ணெய், எரிவாயு தேடவோ எடுக்கவோ புதிதாகத் தொடங்கக் கூடாது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளைச் சட்டம் நிறுத்தவில்லை.

அதே 2020-ன் தொடக்கத்தில், கடலூர் - நாகை பெட்ரோகெமிக்கல் மண்டலம் என்று 45 கிராமங்களில் ஏறக்குறைய 57,000 ஏக்கரை அடையாளம் காட்டி 2017-ல் வந்த அறிவிப்பையும் மாநில அரசு திரும்பப் பெற்றது. உங்கள் நிலம் அந்தக் கிராமங்களில் இருந்து, "மண்டலத்துக்குள் வருகிறது, விற்றுவிடு" என்று இன்றும் எவராவது சொன்னால், அந்த அறிவிப்பு உயிரோடு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் நான் கொடுக்கும் நூறு ரூபாய் எங்கே போகிறது?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் எண்ணெய் பேரல் (159 லிட்டர் கொண்ட அளவு) கணக்கில் விற்கும். ஒரு பேரல் 70 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைப்போம். பேரல் 5,950 ரூபாய். 159-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 37 ரூபாய் சொச்சம். கப்பல் வாடகை, காய்ச்சும் செலவு, லாரி, கம்பெனி லாபம் எல்லாம் சேர்ந்து அது ஐம்பதைத் தாண்டும். பங்க்காரருக்குக் கமிஷன் நாலு ரூபாய் சொச்சம்.

மேலே வரி. 2025 ஏப்ரலில் உயர்த்திய பிறகு மத்திய அரசின் கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு ஆனது. தமிழ்நாட்டு அரசின் வரி இரண்டு துண்டாக இருக்கும்: 13 சதவீதம், அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசு. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 22 ரூபாய். அந்த ஆண்டு சென்னையில் நூறு ரூபாய் சொச்சத்துக்குப் போட்ட லிட்டரில் 43, 44 ரூபாயை இரண்டு அரசுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. யார் அதிகம் எடுக்கிறார்கள் என்ற கட்சிச் சண்டையில் உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விலையை வரி எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கடலூர்க்காரருக்கு ஆதாரமே தேவையில்லை. பாலத்தைத் தாண்டி கன்னியக்கோயில் பக்கம் போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! அதே கம்பெனி, அதே பெட்ரோல், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. புதுச்சேரி அரசு வரியைக் குறைத்து வைத்திருப்பதுதான் காரணம். ஆனால் கணக்குப் போட்டுப் போங்கள். பத்து கிலோமீட்டர் போய்ப் பத்து கிலோமீட்டர் திரும்பினால் பைக்குக்கு அரை லிட்டர் செலவு. ஐந்து லிட்டர் போடுவதற்காகவே போனால், மிச்சத்தைவிட வழியில் எரியும் ஐம்பது ரூபாயே அதிகம். வேலையாகப் போகும்போது நிரப்பினால்தான் லாபம்.

உலக விலை இறங்கினால் பங்கில் ஏன் இறங்குவதில்லை?

எல்லோருக்கும் இருக்கும் எரிச்சல் இது. 2017 ஜூன் முதல் விலை தினமும் மாறும் என்றுதான் விதி. ஆனால் 2022 மே மாத வரிக்குறைப்புக்குப் பின், 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறையும் வரை, பங்க் விலை ஏறக்குறைய அசையவே இல்லை. விலை ஏறியபோது கம்பெனிகள் நட்டத்தைத் தாங்கின; இறங்கியபோது அதை ஈடுகட்டிக்கொண்டன.

2025 ஏப்ரலில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். உலக விலை சரிந்தது. உடனே மத்திய அரசு லிட்டருக்கு இரண்டு ரூபாய் கலால் வரி கூட்டியது. பங்கில் விலை மாறவில்லை. குறைந்திருக்க வேண்டிய இரண்டு ரூபாய் உங்கள் கைக்கு வராமல் வழியிலேயே திரும்பிவிட்டது. அரசுக்கு அதற்கு நியாயம் இருக்கலாம். சாலை போட வேண்டும், மானியம் கொடுக்க வேண்டும். ஆனால் இறக்குமதிச் செலவு குறைவது வேறு, உங்கள் செலவு குறைவது வேறு என்பது இதில் விளங்கும்.

ஏற்றுமதியிலும் அரசு கை வைத்ததுண்டு. 2022 ஜூலையில், வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கிறது என்று தனியார் ஆலைகள் சரக்கை எல்லாம் கப்பலேற்ற, உள்ளூரில் சில பங்குகள் வறண்டன. அப்போது டீசல் ஏற்றுமதிக்கு லிட்டருக்கு 13 ரூபாய் வரி போட்டார்கள். 2024 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள்.

டாலர் ஏறினால் எனக்கென்ன?

முன்னே போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்கள். பேரல் 70 டாலரிலேயே நிற்கட்டும். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய்க்கு 44 காசு ஏறும். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. 85-லிருந்து 90 என்றால் லிட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். ஒரு கிணறும் வற்றவில்லை, ஒரு கப்பலும் மூழ்கவில்லை. ரூபாய் இளைத்ததற்கே இவ்வளவு.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது ஒரே மாதிரி அடிக்காது. லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவே குறைவு. டாலர் ஏறினால் திர்ஹமும் ரியாலும் கூடவே ஏறும். அனுப்பும் பணம் இங்கே கூடுதல் ரூபாயாக வந்து சேரும். எண்ணெய் விலை நன்றாக இருந்தால்தான் அங்கே கட்டட வேலை நடக்கும், விசாவும் கிடைக்கும். விலை பாதாளத்துக்குப் போனால் முதலில் திரும்பி வருவது நம் ஊர்ப் பிள்ளைகள். நாட்டின் எண்ணெய்ச் செலவுக்குக் கேடானது அந்த வீட்டு வரவுக்கு நல்லதாக இருக்கும். செய்தி படிக்கும்போது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்ரோல் போடாதவருக்கும் இது உண்டா?

உண்டு. அதுவும் அவருக்குத் தெரியாமலே.

படகை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் முதுநகரிலிருந்து விசைப்படகு கடலுக்குப் போனால் பெரிய செலவு டீசல்தான். அதனால்தான் அரசு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று விற்பனை வரி இல்லாத டீசல் கொடுக்கிறது. 2023-ல் விசைப்படகுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆக்கினார்கள். வரி விலக்கு மாநில அரசின் பங்குக்கு மட்டும். உலக விலை ஏறினால் அந்த ஏற்றம் படகுக்கும் உண்டு. டீசல் ஏறி, மீன் பாடு குறைந்தால் படகு கரையில் நிற்கும். சந்தையில் வஞ்சிரம் எட்டாத உயரத்துக்குப் போகும்.

வயலுக்கு வாருங்கள். யூரியா செய்யும் மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நாம் பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறக்குறைய பாதி, திரவமாக்கிக் கப்பலில் வருவது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்றே நீங்கள் வாங்குவதால் இது உறைப்பதில்லை. உண்மை விலை அதைப்போல் பல மடங்கு, மீதி மானியம். உலகில் எரிவாயு விலை ஏறினால் உங்களுக்கு விலை ஏறாது, ஆனால் சம்பா நடவு நேரத்தில் சொசைட்டியில் "ஸ்டாக் இல்லை" என்று வரும். அறுவடை மெஷின் வாடகை மட்டும் டீசலோடு சேர்ந்து உடனே ஏறும்.

பஸ்ஸும் அப்படித்தான். அரசுப் பேருந்துக் கட்டணத்தை 2018 ஜனவரியில் ஏற்றினார்கள். அதன் பிறகு டீசல் எவ்வளவோ ஏறியும் டிக்கெட் அப்படியே நின்றது. ஏறிய டீசல் விலை போக்குவரத்துக் கழகத்தின் கடனாக உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதை டிக்கெட்டில் கொடுக்காமல், வராத பஸ்ஸாகவும் ஓட்டை மேற்கூரையாகவும் கொடுக்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

போர்வெல்லுக்கு இறக்கும் பி.வி.சி. பைப்கூட இந்தக் கணக்கில்தான் வருகிறது. கடலூர் சிப்காட்டில் பி.வி.சி. தயாரிக்கும் ஆலைக்கு மூலப்பொருள் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது.

நெய்வேலி நிலக்கரி இருக்கிறதே, அது உதவாதா?

மின்சாரத்துக்கு உதவுகிறது. பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்ய உலகத்தில் வழி உண்டு, கட்டுப்படியாகாது. நம் மாவட்டம் எண்ணெய்க்குக் கொடுக்கும் பங்கு கரும்பு வழியாக வருகிறது. பெட்ரோலில் எத்தனால் (சர்க்கரைப்பாகு, கரும்புச் சாறு, தானியம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயம்) கலப்பது 2014-ல் ஒன்றரை சதவீதம். 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயிக்கு எத்தனால் விலையும் கவனிக்க வேண்டிய செய்தி.

வண்டிக்கு என்ன ஆகும்? எத்தனாலில் பெட்ரோல் அளவுக்குச் சூடு இல்லை. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையும். நிதி ஆயோக் 2021 அறிக்கை பழைய மாடல் இருசக்கர வண்டிகளுக்கு மூன்று, நாலு சதவீதம் குறையும் என்றது. லிட்டருக்கு 50 கொடுத்த வண்டி 48 கொடுக்கும். பழைய வண்டியில் ரப்பர் குழாய்களை சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் ஊருக்கே உரிய கவலை: எத்தனால் தண்ணீரை இழுக்கும். வெள்ளம் வடிந்த மறுநாள், தண்ணீர் நின்ற பங்கில் அவசரப்பட்டுப் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

எத்தனாலால் இறக்குமதி பாதியாகிவிடுமா? ஆகாது. நாடு எரிக்கும் டீசல் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எத்தனால் கலப்பது பெட்ரோலில்தான்.

கடலில் சண்டை வந்து கப்பல் நின்றால்?

கச்சா எண்ணெய்க்குக் கொஞ்சம் சேமிப்பு உண்டு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்த குகைகளில் 53 லட்சம் டன் வைக்கலாம். நிரம்பியிருந்தால் நாட்டுக்கு ஒன்பது, பத்து நாள் தாங்கும். அதற்கு மேல் ஆலைகளின் தொட்டிகளிலும் பங்குகளிலும் இருப்பது தனி. ஆகவே ரேடியோவில் போர்ச் செய்தி கேட்டவுடன் கேனைத் தூக்கிக்கொண்டு பங்குக்கு ஓட வேண்டியதில்லை. அப்படி எல்லோரும் ஓடுவதால்தான் பங்க் வறண்டுபோகும்.

சமையல் எரிவாயு விஷயம் வேறு. நாம் எரிப்பதில் நூற்றுக்கு 60 அளவு இறக்குமதி. அதில் மிகப் பெரும்பகுதி பாரசீக வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் என்ற ஒரே குறுகிய கடல்வழியாக வருகிறது. இதற்கென்று குகைகள் விசாகப்பட்டினத்தில் 60,000 டன்னும் மங்களூரில் 80,000 டன்னும் கொள்ளும். நாட்டின் ஒரு நாள் செலவே 80,000 டன்னுக்கு மேல் என்பதால், இரண்டும் சேர்ந்து இரண்டு நாள்கூடத் தாங்காது.

அதனால் பெட்ரோலுக்குச் சொன்ன தைரியத்தை சிலிண்டருக்குச் சொல்ல மாட்டேன். ஒற்றை சிலிண்டர் இணைப்பு வைத்திருப்பவர்கள் ஏஜென்சியில் டெபாசிட் கட்டி இரண்டாவது சிலிண்டர் வாங்கிவைப்பது நல்லது. இரண்டு இருப்பவர்கள், ஒன்று தீர்ந்த அன்றே மறு பதிவு செய்துவிடுங்கள். இரண்டாவதும் தீரத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.